பினோத் பிஹாரி முகர்ஜி

பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980) வங்காள ஓவியர், சுவரோவியர், சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்தின் ஆசிரியர். கொல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. இதனால் முறையான பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. 1917இல் சாந்திநிகேதன் வந்து, 1919இல் கலாபவனத்தின் முதல் மாணவர்களில் ஒருவரானார்.

இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு பையன் ஓவியனாக முடியுமா என்று ஆசிரியர் நந்தலால் போஸ் கவலைப்பட்டார். ஆர்வத்தோடு உட்கார்ந்து வரைகிறான் என்றால் தடுக்க வேண்டாம் என்பது சாந்திநிகேதன் பள்ளியை நிறுவிய தாகூரின் முடிவு. அந்த மாணவரே 1925இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தார்.

புராணக் காட்சிகளில் அவருக்கு நாட்டம் குறைவு. சாந்திநிகேதனைச் சுற்றியிருந்த செம்மண் ஓடைகளையும் வீர்பூம் கிராமங்களையும் நீண்ட சுருள்களில் தீட்டினார். 1937–38இல் ஜப்பான் சென்று அந்நாட்டு ஓவிய மரபை நேரில் கண்டார். 1940இல் கலாபவன மாணவர் விடுதியின் உட்கூரையில், நடுவே ஒரு குளமும் சுற்றிலும் கிராம வாழ்க்கையுமாக வரைந்தார்.

அவருடைய ஆகப்பெரிய சாதனை சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவரோவியம் (1946–47). மூன்று சுவர்களின் மேற்பகுதி முழுவதும் இடைக்காலத் துறவிகளின் வாழ்க்கை நதிபோல ஓடுகிறது. இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் என எல்லோரும் அதில் இடம்பெறுகிறார்கள். சுவரளவுக்கு முன்வரைவு எதையும் தயாரிக்காமல், ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மீது நேரடியாக வரைந்தார். பூச்சு உலர்ந்துவிட்டால் வண்ணம் பிடிக்காது, திருத்தவும் முடியாது. எட்ட நின்று முழுச் சுவரையும் தெளிவாகப் பார்க்க அவர் கண் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஓரிடத்தில்கூட ஓட்டம் அறுபடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இந்தியச் சுவரோவியங்களில் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

1949இல் நேபாள அரசு அருங்காட்சியகப் பொறுப்பாளராகக் காத்மாண்டு சென்றார். 1950களில், கண் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை முற்றிலும் போயிற்று. 1958இல் கலாபவனத்துக்கே திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டோவியம் செய்தார். மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார். காகித உருவங்களை விரலால் தடவி வடிவமைத்து, 1972இல் கலாபவனச் சுவரொன்றில் பீங்கான் ஓடுகளால் பெரிய சுவரோவியம் அமைத்தார். அப்போது அவருக்கு வயது 68.

அதே ஆண்டு, அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப்படத்தை அவரைப் பற்றி எடுத்தார். 1974இல் பத்மவிபூஷண் கிடைத்தது. மகள் மிருணாளினி முகர்ஜி புகழ்பெற்ற சிற்பி. பினோத் பிஹாரியின் தன்வரலாற்று நூலான ‘சித்ரகர்’ வங்காளத்தில் வெளிவந்தது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கே. ஜி. சுப்ரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுச் சாந்திநிகேதன் சென்றவர், இந்தி பவனச் சுவரோவியத்தில் ஆசிரியருக்கு உதவிய மாணவர்களில் ஒருவர்.