கடையத்தில் நீலத் தீ

எங்கள் ஆச்சி காலத்தில் கடையத்து அடுப்புக்கு மலையடிவார விறகுதான். 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்ததும் விறகெடுக்கக் கெடுபிடி கூடியது. 2006-இல் அமைந்த கலைஞர் அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்த பிறகே எங்கள் தெருவில் பல வீடுகளில் நீலத் தீ எரிந்தது.

"கண்ணுக்குத் தெரியாத சாமானை எப்படிட்டி காவல் காக்க?" என்றாள் ஆச்சி. நியாயமான கேள்வி. காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு படரும். கண்டுபிடிக்கத்தான் வாடை கலக்கிறார்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிடுவாள். டியூப் மூட்டில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். தீ மஞ்சளானால் பெரும்பாலும் பொங்கிய பால்தான் காரணம். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, பர்னர் துளைகளை ஊக்கால் குத்துவாள். சட்டியடிக் கரியைக் காட்டி அம்மாவைத் திட்டுவாள். ஐந்து வருசத்தில் டியூப் மாற்றணும் என்றால் மட்டும், காசை நினைத்து அவளுக்குக் காது கேட்காது.