சமைக்கா நனிசைவ உணவில் கொழுப்பு

சமைக்கா நனிசைவம் என்பது இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் ஆகிய விலங்குவழி உணவுகளை முற்றாக விலக்கி, தாவர உணவுகளையும் சமைக்காமலே உண்ணும் உணவுமுறை ஆகும். பழங்கள், காய்கறிகள், கீரைகள், கொட்டைகள், விதைகள், முளைகட்டிய பயறுகள் ஆகியன இதன் முதன்மை உணவுகள். ஏறத்தாழ 40 முதல் 48 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்படாத உணவையே "சமைக்காதது" என இம்முறையினர் ஏற்பர். எல்லை எங்கே என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இவர்களில் பலர் தேங்காய், பாதாம், அக்ரூட், வெண்ணெய்ப்பழம் (ஆனைக்கொய்யா), எள், ஆளி விதை முதலிய கொழுப்பு மிகுந்த உணவுகளைத் தாராளமாக உண்டும் மெலிந்த உடலுடன் காணப்படுகின்றனர். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அந்த மெலிவு எப்போது நலக்குறைவாக மாறுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

சமைக்காத உணவை மருத்துவமாக முன்வைத்தவர்களில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் (1867–1939) குறிப்பிடத்தக்கவர். சூரிக் நகரில் அவர் நடத்திய மருத்துவ இல்லத்தில் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளோடு சிறிதளவு ஊறவைத்த ஓட்சு, எலுமிச்சைச் சாறு, அரைத்த கொட்டைகள் கலந்து கொடுக்கப்பட்டது. இதுவே இன்று மியூசுலி எனக் கடைகளில் விற்கப்படும் உணவின் மூலம். அதில் இனிப்பூட்டிய கெட்டிப்பாலும் சேர்ந்ததால் இன்றைய பொருளில் அது நனிசைவம் அன்று. லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆன் விக்மோர் (1909–1994) முளைகட்டிய தானியங்களையும் கோதுமைப்புல் சாற்றையும் பரப்பினார்.

கொழுப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதில் இவ்வியக்கம் இரு பிரிவாக உள்ளது. ஒரு பிரிவினர் ஊறவைத்து அரைத்த கொட்டைகளைக் கொண்டு பாலாடைக்கட்டி, அடை, இனிப்பு வகைகள் போன்றவற்றைச் செய்து உண்கின்றனர். இவர்களது உணவில் ஆற்றலின் பெரும்பங்கு கொழுப்பிலிருந்தே வரக்கூடும். மறு பிரிவினர் பழங்களையே அடிப்படையாகக் கொள்வர். அமெரிக்கரான டக்ளசு கிரகாம் 2006 இல் வெளியிட்ட நூல் இவர்களிடையே பரவலானது. மொத்த ஆற்றலில் குறைந்தது 80 விழுக்காடு மாவுச்சத்து அல்லது சர்க்கரையிலிருந்தும், புரதம், கொழுப்பு ஒவ்வொன்றிலிருந்தும் 10 விழுக்காட்டுக்கு மிகாமலும் வரவேண்டும் என்பது அவர் முன்வைத்த விகிதம். தமிழ்நாட்டில் "இயற்கை உணவு" என்ற பெயரில் வழங்கும் முறையில் தேங்காயும் வாழைப்பழமும் இணைந்தே இடம்பெறுவதால், அது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எனலாம்.

உணவுகளில் கொழுப்பின் அளவு

ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரி தருகின்றன. 100 கிராம் பாதாமில் ஏறத்தாழ 50 கிராம் கொழுப்பும் 579 கிலோகலோரி ஆற்றலும் உள்ளன. அக்ரூட்டில் கொழுப்பு 65 கிராம். ஆளி விதையில் 42 கிராம். முற்றிய தேங்காய்ப் பருப்பில் 33 கிராம் (354 கிலோகலோரி). வெண்ணெய்ப்பழத்தில் 15 கிராம் (160 கிலோகலோரி). எல்லாப் பழங்களும் கொழுப்பற்றவை அல்ல என்பதற்கு முள்நாறிப் பழமும் (துரியன்) சான்று. அதில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவில் கொழுப்பு உண்டு. வாழைப்பழத்திலோ 0.3 கிராம்தான் (89 கிலோகலோரி).

இவ்வெண்களைக் கொண்டு ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளில் தோல் நீக்கிய வாழைப்பழம் 1.4 கிலோகிராமும் தேங்காய்ப் பருப்பு 150 கிராமும் உண்டால் முறையே 1246, 531 என மொத்தம் 1777 கிலோகலோரி கிடைக்கும். தேங்காயில் உள்ள 50 கிராம் கொழுப்பு மட்டும் 450 கிலோகலோரி தருகிறது. அதாவது எடையில் பத்தில் ஒரு பங்கான தேங்காய், உணவின் கொழுப்பு விகிதத்தை ஏறத்தாழ 25 விழுக்காட்டுக்கு உயர்த்திவிடுகிறது. "நான் பழம்தான் உண்கிறேன்" என்பவரின் உணவு கணக்கில் வேறாக இருப்பது இதனால்தான். ஆனால், அதே 1777 கிலோகலோரியை வாழைப்பழத்திலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் 2 கிலோகிராம் உண்ண வேண்டும். வெள்ளரிக்காயிலிருந்து பெற வேண்டுமானால் (100 கிராமுக்கு 15 கிலோகலோரி) கிட்டத்தட்ட 12 கிலோகிராம் தேவை.

உடல் பருக்காமைக்கான காரணங்கள்

முதற் காரணம் மேற்கண்ட கணக்கிலேயே அடங்கியுள்ளது. சமைக்காத பழங்களிலும் காய்கறிகளிலும் நீரும் நார்ச்சத்தும் மிகுதி. வயிறு நிரம்பிய உணர்வு, உண்ட உணவின் கனஅளவையும் எடையையும் பெரிதும் சார்ந்தது. எனவே தேவைக்குக் குறைந்த ஆற்றலிலேயே பசி அடங்கிவிடுகிறது. சோறு, சப்பாத்தி, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை இட்ட தேநீர் ஆகியன உணவிலிருந்து நீங்கும்போது விடுபடும் ஆற்றலை, கூடுதலாகச் சேரும் ஒரு பிடி கொட்டை பெரும்பாலும் ஈடு செய்வதில்லை.

இரண்டாவது காரணம் கொட்டைகளின் உள்ளமைப்பு. கொட்டையில் உள்ள எண்ணெய் சிறு துளிகளாகத் தாவர உயிரணுக்களுக்குள் அடைபட்டுள்ளது. உயிரணுச் சுவரை மனிதச் செரிமான நொதிகளால் சிதைக்க இயலாது. மெல்லும்போது உடைந்த உயிரணுக்களிலிருந்தே கொழுப்பு பெருமளவு வெளிவருகிறது; உடையாதவற்றின் கொழுப்பில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் மலத்துடன் வெளியேறுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் பாதாமைக் கொண்டு மனிதர்களிடம் நடத்தி 2016 இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. வறுக்காத முழுப் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைத்த ஆற்றல் கிராமுக்கு 4.42 கிலோகலோரி. வறுத்த முழுப் பாதாமில் அது 4.86, வறுத்து நறுக்கியதில் 5.04, வெண்ணெய் போல் அரைத்ததில் 6.53. அட்டவணைகள் பாதாமுக்குத் தரும் மதிப்பு 5.8 அளவில் இருப்பதால், வறுக்காத பாதாமை மென்று தின்பவர் தாம் எண்ணுவதைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்த ஆற்றலையே பெறுகிறார். அதே துறையினரின் வேறு ஆய்வுகளில் அக்ரூட்டில் இவ்வேறுபாடு 21 விழுக்காடாகவும், முந்திரியில் 16 விழுக்காடாகவும், பிஸ்தாவில் 5 விழுக்காடாகவும் இருந்தது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு சமைக்கா உணவினர் பலருக்கு உவப்பாக இராது. இங்கு பயன் தருவது முழுமையான கொட்டையின் கடினத்தன்மை. கொட்டையை ஊறவைத்து மின்னம்மியில் வெண்ணெயாக அரைத்துவிட்டால், நெருப்பைத் தொடாவிட்டாலும் அப்பயனின் பெரும்பகுதி போய்விடுகிறது. எண்ணெயைப் பொறுத்தவரை இதற்கு இடமே இல்லை. குளிர்முறையில் பிழிந்த எண்ணெயாயினும் ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கிலோகலோரி தரும். அது முழுமையாக உறிஞ்சப்படும்.

மூன்றாவதாக, சமைத்தல் பொதுவாகவே உணவிலிருந்து கிடைக்கும் நிகர ஆற்றலைக் கூட்டுகிறது. மானிடவியலாளர் ரிச்சர்டு ராங்கம் 2009 இல் வெளியிட்ட நூலில், மனித இனத்தின் பெரிய மூளைக்கும் சிறிய குடலுக்கும் நெருப்பின் பயன்பாடே காரணம் என வாதிட்டார். அவரது குழுவினர் எலிகளுக்கு நிலக்கடலையைக் கொடுத்துச் செய்த சோதனையில், கொழுப்பு மிகுந்த உணவிலும் சமைத்தல் நிகர ஆற்றலைக் கூட்டுவது தெரியவந்தது. ராங்கத்தின் படிமலர்ச்சிக் கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியது. சமைத்தால் ஆற்றல் கூடும் என்ற அடிப்படையில் ஐயம் குறைவு.

தவறான கருத்துகள்

"சமைக்காத கொழுப்பு உடற்கொழுப்பாக மாறாது" என்று சில நூல்களும் உரைகளும் கூறுவதுண்டு. இதற்கு அடிப்படை இல்லை. உறிஞ்சப்பட்ட கொழுப்பமிலம் சமைத்த உணவிலிருந்து வந்ததா, சமைக்காததிலிருந்து வந்ததா என்பதை உடல் வேறுபடுத்துவதில்லை. உண்மையில், உணவுக் கொழுப்பைச் சேமிக்க உடல் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு. சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேமிப்பதற்கே செலவு அதிகம். தேவைக்கு மிஞ்சிய ஆற்றல் எவ்வுணவிலிருந்து வந்தாலும் எடை கூடும்.

தாவரங்களில் உள்ள நொதிகளே கொழுப்பைச் செரிக்கின்றன என்பது இன்னொரு கருத்து. நொதிகள் புரதங்கள் ஆகையால் அவற்றுள் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் சிதைந்துவிடும். கொழுப்பைச் செரிப்பது பெரும்பாலும் கணையத்தின் லிப்பேசு நொதியும் பித்தநீருமே.

கடையில் "பச்சை" என விற்கப்படும் கொட்டைகள் எல்லாம் சூடு காணாதவை என்பதும் சரியன்று. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால், வழக்கமாக ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைக்கின்றனர். கலிபோர்னியாவில் விளைந்து வட அமெரிக்காவில் விற்கப்படும் பாதாம், சால்மோனெல்லா நோய்ப்பரவல்களுக்குப் பின் 2007 செப்டம்பர் முதல் கிருமி நீக்கத்துக்கு உட்படுத்தப்படுவது கட்டாயமாயிற்று.

கொழுப்பின் தேவை

கொழுப்பை முற்றாக ஒதுக்குவதும் ஏற்றதன்று. லினோலெயிக் அமிலம், ஆல்பா-லினோலெனிக் அமிலம் ஆகிய இரண்டையும் மனித உடலால் உருவாக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். முன்னது எள், சூரியகாந்தி விதை, அக்ரூட் ஆகியவற்றில் மிகுதி. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த பின்னது ஆளி விதை, சியா விதை, அக்ரூட் ஆகியவற்றில் உள்ளது. ஆளி விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்பதால் பொடித்து உண்பர். மூளைக்கும் விழித்திரைக்கும் தேவையான நீண்ட சங்கிலி ஒமேகா-3 அமிலங்களாக இது மாறும் அளவு சிறிது. நனிசைவர்களுக்கு அவற்றின் நேரடி மூலம் பாசியிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய்.

கீரை, காரட் ஆகியவற்றின் நிறமிகளான கரோட்டினாய்டுகளை உறிஞ்சவும் கொழுப்பு தேவை. 2004 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்பே சேர்க்காமல் பச்சைக் காய்க்கலவை உண்டவர்களின் குருதியில் கரோட்டினாய்டுகள் ஏறத்தாழ சேரவே இல்லை. 2005 இல் வெளியான மற்றொன்றில், அத்தகைய கலவையுடன் 150 கிராம் வெண்ணெய்ப்பழம் சேர்த்தபோது பீட்டா-கரோட்டின் உறிஞ்சப்படுவது 15 மடங்குக்கு மேல் உயர்ந்தது.

தேங்காயின் நிலை சற்று வேறு. அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். மற்ற தாவர எண்ணெய்களுடன் ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல் கொலசுட்டிராலைக் கூட்டுகிறது. பசிபிக் தீவினரை ஆராய்ந்து 1981 இல் வெளியான கட்டுரையின்படி, டோக்கெலாவு மக்கள் ஆற்றலில் 63 விழுக்காட்டையும் புக்காபுக்கா மக்கள் 34 விழுக்காட்டையும் தேங்காயிலிருந்து பெற்றனர். முன்னவர்களின் கொலசுட்டிரால் உயர்வாக இருந்தபோதும் இருவரிடமும் குருதிக்குழாய் நோய் அரிதாகவே காணப்பட்டது. ஆனால் அவர்கள் மீன் உண்டவர்கள், சமைத்து உண்டவர்கள், உடல் உழைத்தவர்கள். அம்முடிவை அப்படியே இங்கு பொருத்த இயலாது.

மெலிவும் நலமும்

இவ்வுணவுமுறை குறித்த பெரிய ஆய்வுகள் செருமனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் நடந்தன. 1999 இல் வெளியான முதல் ஆய்வில் நீண்டகாலம் சமைக்கா உணவு உண்ட 216 ஆண்களும் 297 பெண்களும் இடம்பெற்றனர். அனைவரும் நனிசைவர் அல்லர். அம்முறைக்கு மாறியபின் ஆண்கள் சராசரியாக 9.9 கிலோகிராமும் பெண்கள் 12 கிலோகிராமும் எடை குறைந்திருந்தனர். ஆண்களில் 14.7 விழுக்காட்டினரும் பெண்களில் 25 விழுக்காட்டினரும் இயல்பைவிடக் குறைந்த எடை கொண்டிருந்தனர். 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கற்றோ முற்றாக நின்றோ போயிருந்தது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் சமைக்காமல் உண்டவர்களிடம் இது கூடுதலாக இருந்தது.

இந்த எண்கள் கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய "மெலிந்த உடல்" என்பதன் மறுபக்கம். உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காது கொழுப்புச் சேமிப்பு குறையும்போது லெப்டின் என்னும் இயக்குநீர் குறைகிறது. மூளையின் கீழ்த்தளப் பகுதியிலிருந்து சூலகத்துக்குச் செல்லும் இயக்குநீர்த் தொடர் அதனால் ஒடுங்குகிறது. ஈத்திரோசன் குறைந்து, நாளடைவில் எலும்பும் தேய்கிறது. மாதவிடாய் நிற்பதை "உடல் தூய்மையாகிவிட்டதன் அடையாளம்" என இவ்வியக்கத்தின் சில நூல்கள் விளக்கியதுண்டு. அது பட்டினியின் அடையாளம். மருத்துவரை அணுக வேண்டிய நிலை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் நடந்து 2005 இல் வெளியான ஆய்வில், சராசரியாக 3.6 ஆண்டுகள் சமைக்காத தாவர உணவு உண்ட 18 பேரின் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் எலும்புத் திண்மை குறைவாக இருந்தது. எலும்பு விரைந்து கரைவதற்கான குறிகள் இரத்தத்தில் காணப்படவில்லை. வைட்டமின் டி அளவும் குறையவில்லை.

கீசன் குழுவினர் 2005 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 201 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. எல்டிஎல் கொலசுட்டிராலும் முக்கிளிசரைடும் விரும்பத்தக்க அளவில் இருந்தன. அதேவேளை நல்ல கொலசுட்டிரால் எனப்படும் எச்டிஎல் குறைந்தும், ஓமோசிசுட்டீன் உயர்ந்தும் காணப்பட்டன. 38 விழுக்காட்டினருக்கு வைட்டமின் பி12 குறைபாடு இருந்தது. கொட்டை, தேங்காய், கீரை எதிலும் நம்பத்தக்க அளவில் பி12 இல்லை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத வடிவம். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்குவதால் குறைபாடு தாமதமாகவே வெளிப்படும். நரம்புகளில் ஏற்படும் பாதிப்பு சில வேளைகளில் மீளாததாகிவிடும். ஆகவே நனிசைவர் அனைவரும், சமைத்து உண்பவராயினும், பி12 மாத்திரையோ அது செறிவூட்டப்பட்ட உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் இரைப்பை சிறியது. எடைக்கு ஏற்ப அவர்களின் ஆற்றல் தேவையோ பெரியவர்களைவிட மிகுதி. பெரியவரை மெலிய வைக்கும் அதே நீரும் நாரும் குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதே இடர் உண்டு.