தோற்ற அணியின் நாற்றங்கால்

"தோத்துக்கிட்டே இருக்கிற டீமுக்கு எதுக்குப்பா செலவு?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், நம் அணியில் ஃபுல்பேக் ஆடியவன் என்ற உரிமையில் நான் ஜெர்மனியின் கதையைச் சொல்வதுண்டு.

1996-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அது. 2000-ல் அதே போட்டியில் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். போர்ச்சுகலிடம் 0-3 தோல்வி. பிரிவில் கடைசி இடம். கோச்சை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. முதல் இரண்டு டிவிஷன்களில் இருந்த 36 கிளப்புகளும் சிறுவர் பயிற்சிக்கூடம் நடத்தியே ஆகவேண்டும் என்று விதி செய்தார்கள்.

பலன் உடனே கிட்டவில்லை. 2002 உலகக் கோப்பையில் இறுதியாட்டம் வரை போன அணி, 2004 ஐரோப்பியப் போட்டியில் மறுபடி முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. ஆனாலும் பயிற்சிக்கூடங்களை மூடவில்லை. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை வீழ்த்திய கோலைப் போட்ட மரியோ கோட்சேவுக்கு, 2000-ல் அந்த அடி விழுந்தபோது வயது எட்டுதான்!

நண்பர்களே, நம் கல்லூரி அணியும் இன்று தோற்கிறது. கேடயம் எங்கே என்று கேட்பதற்கு முன், முதலாண்டுப் பையன்களுக்குப் பந்தும் பூட்ஸும் வாங்கித் தருவோம். நாற்று நட்ட மறுநாளே கதிர் கேட்டால் எப்படி?