கிடைத்தற்கரிய உயிர்கள்: போக்கிமான் வேட்டையின் வரலாறு

சிறுவர் விளையாட்டொன்றை வரலாற்றுப் பொருளாகக் கொண்டு ஆராய்தல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். சதுரங்கமும் பல்லாங்குழியும் ஆராய்ச்சிக்கு உரியன என ஒப்புவோரும், கைக்கருவியின் திரையில் ஓடும் விளையாட்டென்றால் முகஞ்சுளிப்பர். ஆயினும், 1996-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் தோன்றி, உலகச் சிறுவரின் பேச்சில் நூற்றைம்பது புதிய உயிர்ப்பெயர்களைப் புகுத்திவிட்ட ஒன்றினை அவ்வாறு ஒதுக்கிவிடல் இயலாது. பத்து மரங்களின் பெயர் சொல்லத் தடுமாறும் மாணவன், இவ்விளையாட்டின் உயிர்களை வாழிடம், வலிமை, பகை என்னும் குறிப்புகளோடு தடையின்றி ஒப்பிப்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அவ்விளையாட்டே போக்கிமான். அதனுள்ளும், அரியனவும் ஆற்றல் மிக்கனவுமான உயிர்களைத் தேடிப் பிடிக்கும் வேட்கை எங்கிருந்து பிறந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

இதனை வகுத்தவர் சத்தோஷி தாஜிரி. 1965-ஆம் ஆண்டில் பிறந்த இவர், தோக்கியோ மாநகரின் மேற்குப் புறத்தே உள்ள மாச்சிடாவில் வளர்ந்தார். தாஜிரியின் இளமைக் காலத்தில் அவ்வூரில் வயலும் குளமும் சிறு காடும் எஞ்சியிருந்தன. பூச்சிகளைப் பிடித்தலும் அவற்றின் இயல்பை உற்று நோக்குதலுமே அவருக்கு ஓயாத வேலை. உடன் பயின்றோர் 'பூச்சி டாக்டர்' என்று அவருக்குப் பட்டமே சூட்டிவிட்டனர். ஜப்பானியச் சிறுவர்க்குப் பூச்சி பிடித்தல் வெறும் பொழுதுபோக்கன்று. கோடை விடுமுறையில் பூச்சிகளைத் திரட்டி, பெயரெழுதி, பெட்டியில் அடுக்கிப் பள்ளிக்குக் கொணர்தல் அந்நாட்டில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். கொம்புடைய காண்டாமிருக வண்டும், கலைமானின் கொம்பை ஒத்த தாடைகளையுடைய வண்டும் சிறுவரிடையே பெருஞ்செல்வமாக மதிக்கப்பெறும். பிறர் மரப்பட்டையில் தேன் தடவி வண்டுக்காகக் காத்திருக்க, தாஜிரி வேறு வழி கண்டார். வண்டுகள் பகலில் கல்லுக்கடியில் உறங்க விரும்புவதை அறிந்து, மரத்தடியில் கல்லொன்றை இட்டுச் சென்று, காலையில் அதனைப் புரட்டி எடுத்துக்கொள்வாராம். இதனை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். உயிரின் இயல்பறிந்தவனுக்கே அவ்வுயிர் அகப்படும் என்னும் இந்நுட்பம் இவ்விளையாட்டு முழுவதிலும் ஊடுருவி நிற்கக் காணலாம்.

தோக்கியோ பெருகப் பெருக, மாச்சிடாவும் வீடுகளாலும் சாலைகளாலும் நிரம்பிற்று. மீன்பிடிக் குளம் ஒன்று இருந்த இடத்தில் மின்பொறி விளையாட்டுக் கூடம் எழுந்ததாகத் தாஜிரி நினைவுகூர்ந்துள்ளார். குளம் போனபின் சிறுவனும் அக்கூடத்திற்கே போனான். இதில் அவனைக் குறை கூற என்ன இருக்கிறது? 1983-ஆம் ஆண்டில், விளையாட்டு நுணுக்கங்களை விளக்கும் 'கேம் ஃபிரீக்' என்னும் சிற்றிதழைத் தாஜிரி தம் கைப்பட எழுதிப் படியெடுத்து, கம்பி தைத்து விற்கலானார். ஓவியர் கென் சுகிமோரி அவ்விதழ் வாயிலாகவே அவருக்கு நண்பரானார். 1989-ல் அவ்விதழ்ப் பெயரே ஒரு நிறுவனத்தின் பெயராயிற்று.

அதே ஆண்டில் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. இரு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்க இயலும். பிறர் அக்கம்பியைப் போட்டிக்குரிய வழியாகக் கண்டனர். தாஜிரியின் கண்ணுக்கோ, அதன்மீது பூச்சியொன்று ஊர்ந்து மறுகருவிக்குச் செல்வதாகத் தோன்றிற்றாம். இதற்கு முன்னரே அவருள்ளத்தில் ஒரு குறை கிடந்தது. 1987-ல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' இரண்டாம் பாகத்தில் கிடைத்தற்கரிய மாயத் தொப்பி ஒன்றுண்டு. எவ்வளவு முயன்றும் தாஜிரிக்கு அது கிட்டவில்லை. சுகிமோரிக்கோ இரண்டு கிடைத்தன. மிகையாக உள்ள ஒன்றை நண்பனுக்குக் கொடுக்க வழியில்லாதது என்ன விளையாட்டு என அவர் எண்ணியதில் வியப்பில்லை. தொப்பிக்கு ஏற்பட்ட இவ்வேக்கமும், கம்பியில் ஊர்ந்த பூச்சியும் சேர்ந்து பிறந்ததே போக்கிமான் எனலாம்.

எதிர்ப்பட்ட உயிரைக் கொல்லாது தன்வயப்படுத்தும் கருத்து இவருக்கே உரியதென்று கூறுதல் மிகை. 1987-ல் வந்த 'மெகாமி டென்செய்' விளையாட்டில் பேய்களோடு பேரம் பேசித் துணையாக்கிக்கொள்ளலாம். 1992-ல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்திலும் விலங்குகள் வந்து சேரும். ஆயினும், சேர்ப்பதையே குறிக்கோளாக்கி, சேர்த்ததைப் பிறரோடு மாற்றிக்கொள்ளாமல் நிறைவு பெற இயலாதென விதித்தது போக்கிமானே. ஏறத்தாழ ஆறாண்டு உழைப்பிற்குப் பின், 1996 பிப்ரவரி 27-ஆம் நாள் அது சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக வெளிவந்தது. வெட்டுக்கிளியையும் கும்பிடுபூச்சியையும் ஒத்த சைதர் சிவப்பில் மட்டும் உண்டு. கவைத்தாடை வண்டினை ஒத்த பின்சர் பச்சையில் மட்டும் உண்டு. இரண்டும் வேண்டுவோன் நண்பனை நாடியே தீரவேண்டும். இரு பதிப்பால் வணிகர்க்கு இலாபம் மிகுந்தது என்பதும் உண்மையே, அதனை மறைப்பதற்கில்லை.

இனி, அரிய உயிர்களைக் காண்போம். தமிழ் பயில்வோர் கருப்பொருள் என்னும் சொல்லை நன்கறிவர். நிலமும் அதற்குரிய உயிரும் பிரியாதன என்னும் அவ்வுணர்வு இவ்விளையாட்டைக் காணுந்தோறும் நினைவிற்கு வரும். பனிப்பறவை ஆர்ட்டிகூனோ கடற்குகையில் வாழும். இடிப்பறவை ஜாப்டோஸ், மாந்தர் கைவிட்ட மின்னிலையத்தில் உறையும். தீப்பறவை மோல்ட்ரெஸ் வெற்றிப்பாதை என்னும் மலைக்குகையில் இருக்கும். நான்காவதான மியூட்டூ இம்மூன்றினும் வலியது. நாட்டின் தலைசிறந்த வீரரையெல்லாம் வென்ற பின்னரே அதன் குகைவாயில் திறக்கும். இந்நான்கும் ஒவ்வொன்றே உள்ளன. போரில் தவறி வீழ்த்திவிட்டால் அது மீண்டும் தோன்றாது. முதற்பதிப்பில் இவ்விதிக்கு விலக்கே இல்லை. ஆதலின், அதனை நெருங்குமுன் விளையாட்டைப் பதிந்து வைத்துக்கொள்ளல் சிறுவர் தாமே கண்டறிந்த முதற்பாடமாயிற்று.

பிடிக்கும் முறையும் எளிதன்று. உயிரின் வலிமையைக் குறைக்கவேண்டும், உயிரைப் போக்கிவிடலாகாது. உறங்கச் செய்தால் நன்று. அதன்பின் சிமிழ்ப்பந்தை எறியவேண்டும். ஒவ்வோர் உயிர்க்கும் பிடிபடும் எண் ஒன்று உள்ளே குறிக்கப்பட்டுள்ளது. எங்கும் நெளியும் கம்பளிப்புழுவான காட்டர்ப்பிக்கு அவ்வெண் 255; மியூட்டூவுக்கு 3. எண் சிறுக்கச் சிறுக்கப் பிடித்தல் அரிதாகும். ஐம்பது பந்தெறிந்தும் வெறுங்கையாய் மீண்டவர் பலர். தவறாது பிடிக்கும் தலைமைப் பந்து ஒன்றே ஒன்று விளையாட்டின் இடையில் பரிசாகக் கிடைக்கும். அதனை எவ்வுயிர்க்குச் செலவிடுவது என்பதில் அண்ணன் தம்பியரிடையே எத்தனை வழக்குகள்! இவையன்றிக் காப்புக்காடு ஒன்றும் உண்டு. அங்கே போரிடலாகாது; இரை இடலாம், கல் எறியலாம். இரை இட்டால் உயிர் நின்று உண்ணும், ஆனால் பிடிபடுதல் கடினம். கல் எறிந்தால் பிடிபடுதல் எளிது, ஆனால் ஓடிவிடும். தேனும் கல்லுமாக வண்டு தேடிய மாச்சிடாச் சிறுவரை இது நினைவூட்டுகிறது. தற்செயலாகவும் இருக்கலாம்.

வரலாற்றில் மிகுசுவை உடையது மியூவின் கதை. விளையாட்டில் தீப்பற்றி அழிந்த மாளிகை ஒன்றுண்டு. அங்கே சிதறிக் கிடக்கும் நாட்குறிப்புகளில், தென்னமெரிக்கக் கயானாவின் அடர்காட்டில் புதியதோர் உயிர் கண்டெடுக்கப்பட்டதாகவும், அதற்கு மியூ எனப் பெயரிட்டதாகவும், அதன் குட்டியே மியூட்டூ எனவும் எழுதப்பட்டிருக்கும். தமிழ் மக்களும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய அதே கயானாவின் பெயர் இங்கே வந்து நிற்பது வியப்பே. ஆனால் விளையாட்டின் நாட்டெல்லை முழுதும் அலைந்தாலும் மியூவைக் காண இயலாது. ஏட்டில் உண்டு, காட்டில் இல்லை.

உண்மையில் அது கருவிக்குள் ஒளிந்திருந்தது. வெளியீட்டிற்குச் சற்று முன்னர், பிழை திருத்துவதற்காக வைத்திருந்த பகுதிகளை நீக்கியபோது, நிரம்பி வழிந்த நினைவகத்தில் ஏறத்தாழ 300 பைட்டு இடம் எஞ்சிற்று. ஆங்கில எழுத்தில் கணக்கிட்டால் ஓர் அஞ்சலட்டையில் அடங்கும் அளவு. ஷிகேகி மொரிமோத்தோ என்னும் நிரலர், இனி எதனையும் மாற்றலாகாது என்ற நிலையிலும், தம் குழுவினர் மகிழ்வதற்காக அவ்விடத்தில் மியூவை 151-ஆம் உயிராக நுழைத்துவிட்டார். வெளியார் காண்பதற்கென அதனை வைக்கவில்லை. ஆயினும், எதிர்பாராப் பிழையால் அது சிலர் திரையில் தோன்றிவிட்டது. செய்தி பரவிற்று. கண்டோர் சிலர், கண்டதாகச் சொன்னோர் பலர்.

இதனை மறுக்காமல் பயன்படுத்திக்கொண்டதே வெளியீட்டாரின் திறம். 1996 ஏப்ரலில் 'கோரோகோரோ' என்னும் சிறுவர் இதழ், குலுக்கலில் தேர்வு பெறும் 20 பேருக்கு மட்டும் மியூ வழங்கப்படும் என அறிவித்தது. 78,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதலில் மந்தமாக இருந்த விற்பனை அதன்பின் ஏறலாயிற்று. இருபது பேர் பெற்றதனால் அன்று, எண்ணற்றோர் பெறாததனால் புகழ் வளர்ந்தது.

1998 செப்டம்பரில் விளையாட்டு அமெரிக்கா சென்றபோது வதந்தியும் உடன் சென்றது. துறைமுக நகரில், இயல்பாகச் செல்ல இயலாத மூலையில் சரக்கு வண்டியொன்று நிற்கும். அதனை நகர்த்தினால் அடியில் மியூ இருக்கும் எனப் பள்ளிதோறும் பேச்சு. கப்பல் புறப்படாதபடி சூழ்ச்சி செய்து, நீர்வழியே நீந்தி, வண்டியின் அருகே சென்று தள்ளிப் பார்த்து ஏமாந்தோர் கணக்கிலடங்கார். வண்டி அசையாது, அடியில் ஒன்றுமில்லை. 2004-ல் விளையாட்டு புதுக்கி வெளியிடப்பட்டபோது, அவ்வண்டியருகே ஒரு தின்பண்டத்தை ஒளித்து வைத்தனர். வதந்திக்கு ஆக்கியோர் தந்த குறும்பான விடை அது.

உண்மை வழியோ வேறிடத்தில் இருந்தது. முதற்பதிப்பு வெளிவந்து ஏழாண்டு கழித்து, 2003-ல் ஆர்வலர் அதனைக் கண்டனர். எதிராளி நம்மைக் கண்ட அந்நொடியில் அவ்விடம்விட்டுப் பறந்துவிட்டு, வேறொரு சிறுவனோடு பொருது, பின்னர் முன்னைய வழிக்கு மீண்டால், விளையாட்டு குழம்பி, கடைசியாகப் பொருத உயிரின் சிறப்பாற்றல் எண்ணை ஓர் உயிரின் அடையாள எண்ணாகக் கொண்டுவிடும். அச்சிறுவனது உயிரின் ஆற்றல் எண் 21. மியூவின் உள்ளெண்ணும் 21. வதந்தியை நம்பி வண்டியைத் தள்ளியவர்க்குக் கிடைக்காதது, விளையாட்டின் உள்ளியல்பை ஆராய்ந்தவர்க்குக் கிடைத்தது. மரத்தடியில் கல் வைத்தவனின் வழியும் இதுவே.

1999 நவம்பரில் வந்த பொன், வெள்ளிப் பதிப்புகளில் அரிய உயிர்கள் ஓரிடத்தில் நில்லாவாயின. ரைக்கூ, என்டேய், சூய்கூன் என்னும் மூன்றும் எரிந்த கோபுரத்திலிருந்து விடுபட்டு நாடெங்கும் அலையும். எதிர்ப்பட்ட உடனே ஓடிவிடும். 2016-ல் 'போக்கிமான் கோ' வந்தபோது தேடுவோரே தெருவில் அலையத் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அது மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. சிங்கப்பூரின் ஹவ்காங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளிடையே இரவிலும் கூட்டம் திரண்டு சாலையை அடைத்ததை அப்போதைய செய்தித்தாள்கள் எழுதின. சிறுவர் அல்லர்; பெரும்பாலோர் வளர்ந்தவர்.

இவ்வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய முரண் ஒன்றுண்டு. விளையாட்டின் அருமை, 3 என்றும் 20 என்றும் மனிதர் விதித்த எண்ணால் ஆனது. அவர் நினைத்தால் நாளையே பெருக்கலாம். குளத்தின் அருமை அவ்வாறன்று. ஜப்பானின் வயல்நீரிலும் குளத்திலும் ஒருகாலத்தில் மிகுதியாக வாழ்ந்த தகாமே என்னும் பெரிய நீர்ப்பூச்சி, நீர்நிலைகள் அழிந்தமையாலும் பூச்சிக்கொல்லியாலும் அருகிப்போயிற்று. 2020-ல் அதனை விற்பதும், விற்பதற்காகப் பிடிப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. விளையாட்டிற்காகப் பிடிக்கும் சிறுவனைச் சட்டம் தடுக்கவில்லை. அதே 2020-ல், தாஜிரி வளர்ந்த மாச்சிடாவில், செரிகாயா பூங்காவின் நடைபாதைகளில் போக்கிமான் உருவம் தீட்டிய இரும்பு மூடிகள் பதிக்கப்பட்டன. நிலத்தடி நீர்க்கால்வாய்களின் வாயை மூடும் மூடிகளின் வடிவில் அமைந்தவை அவை. சிறுவர் குனிந்து நின்று, எந்த மூடியில் எந்த உயிர் இருக்கிறதெனத் தேடிக் குறித்துக்கொள்கின்றனர்.