வடசென்னைத் தொழில் பழகுநர்கள்

இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்து அரசு நிறுவனங்களிலும் பொதுத்துறை ஆலைகளிலும் படிப்பின் தொடர்ச்சியாகக் குறிப்பிட்ட காலம் வேலை பழகி, சான்றிதழ் பெற்று வெளியேறும் இளைஞர்கள். பேச்சு வழக்கில் 'அப்ரண்டிஸ்'. ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவர்கள், பொறியியல் பட்டதாரிகள், தொழிற்கல்விப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையின் ஹவுஸ் சர்ஜன்களும் அரசிடம் வேலை பழகும் மாணவர்களே. அவர்களுக்கு வேறு சட்டம், வேறு வழி என்பதால் இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை.

முன்வரலாறு

மாணவனை அரசு வேலையில் பழகவிட்டு ஆளாக்கும் முறை சென்னைக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பழையது. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆண் அநாதைகள் காப்பகத்திலிருந்து எட்டுச் சிறுவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். காப்பகத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்தவர்கள். கொஞ்சம் கணிதமும் வரைபடமும் கற்றதும் அளவை அணிகளோடு அனுப்பப்பட்டு, சங்கிலி பிடிப்பதையும் கோணம் எடுப்பதையும் வெயிலில் நின்றே பழகினார்கள். 1796-இல் டாப்பிங் இறந்தபின் பொறுப்பு ஜான் கோல்டிங்காமிடம் வந்தது.

இப்பள்ளியில் பழகிய பையன்களில் நன்கு அறியப்பட்டவர் யோசுவா டி பென்னிங். 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியில் உதவியாளராகச் சேர்ந்த அவர், பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் கல்கத்தாக் கணக்கீட்டு அலுவலகத்தின் தலைமைக் கணிப்பாளராக இருந்தார். பழகுநராக நுழைந்த ஒருவருக்கு அதுவே உச்சம். இந்தியத் தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தவர்களைக் கம்பெனியின் உயர் பணிகளில் சேர்ப்பதில்லை என்ற ஆணை 1791-லேயே வந்துவிட்டது. பையன்களின் திறமை இமயம்வரை போன படங்களுக்கு அடிப்படையானது. பதவியோ உதவியாளர், துணை உதவியாளர் என்ற படிகளோடு நின்றது. கிண்டிப் பொறியியல் கல்லூரி இந்தப் பள்ளியையே தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது.

சட்டமாக முதலில் வந்தது 1850-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டம். 10 வயது முதல் 18 வயதுவரையுள்ள, குறிப்பாக அநாதைகளும் ஏழைகளுமான பிள்ளைகளை ஒரு தொழிலாளியிடமோ நிறுவனத்திடமோ ஒப்பந்தம் எழுதிச் சேர்க்க அது வழிசெய்தது. ஒப்பந்தக் காலம் ஏழு ஆண்டைத் தாண்டக் கூடாது. பழகுநர் ஏழைப் பிள்ளை, அவருக்குச் செய்வது தருமம் என்ற எண்ணம் அச்சட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் தெரியும். பின்வந்த சட்டங்களில் சொல் மாறியது. எண்ணம் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

வடசென்னையில் இம்முறை வேரூன்றியது ரயிலோடு. 1856 ஜூன் 28-இல் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஜூலை 1-இல் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் பெரம்பூரில் பணிமனை எழுந்தது. நீராவி எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆட்களைச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைப்பது கட்டுப்படியாகாது. எனவே பணிமனையே பள்ளியாயிற்று. தொடக்கத்தில் இடங்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குப் போயின. தமிழ்ப் பிள்ளைகள் கலாசியாகச் சேர்ந்து, மேஸ்திரியின் கைப்பக்கம் நின்று தொழில் கற்றார்கள். அப்பா பணிமனையில் இருந்தால் மகனுக்கும் இடம் என்ற வழக்கம் இங்கேதான் ஊறியது.

பழகுநர் என்றால் எல்லாரும் ஒரே பாதையில் போனார்கள் என்பதில்லை. 1927-இல் பீகாரின் ஜமால்பூரில் தொடங்கிய சிறப்பு வகுப்பு ரயில்வே பழகுநர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நேரே அதிகாரிகளானார்கள். பலர் ரயில்வே வாரியம்வரை உயர்ந்தார்கள். பெரம்பூரில் அதே பெயரில் சேர்ந்த பையன் ஃபிட்டராக நுழைந்து, அதிர்ஷ்டமிருந்தால் சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றான்.

சட்டமும் வகைகளும்

இன்று நடப்பிலுள்ளது 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம்; 1962 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. முதலில் ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளுக்கே உரியதாக இருந்தது. 1973 திருத்தம் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும், 1986 திருத்தம் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களையும் சேர்த்தது. 2014 திருத்தத்தில் 'விருப்பத் தொழில்' என்ற புது வகை வந்தது.

தொழிற்பிரிவுப் பழகுநர்கள் இரு வகை. நேரே பள்ளி முடித்து வருவோர் 'ஃபிரஷர்', ஐ.டி.ஐ. முடித்து வருவோர் 'எக்ஸ் ஐ.டி.ஐ.'. முன்னவருக்குக் காலம் அதிகம். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், வயர்மேன், டீசல் மெக்கானிக் ஆகியவை வடசென்னையில் ஆள் மிகுதியாகச் சேரும் பிரிவுகள். மணலிக்கென்றே சிறப்பாகச் சொல்லத்தக்கது 'அட்டெண்டன்ட் ஆபரேட்டர், கெமிக்கல் பிளான்ட்' என்ற பிரிவு, இதில் பி.எஸ்சி. முடித்தவர்களும் சேர்கிறார்கள். பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களைத் தரமணியிலுள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது.

ஃபிட்டர் பழகுநரின் முதல் வாரங்கள் அரத்தோடு கழியும். ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, நான்கு பக்கமும் அராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி அராவல். கை கொப்பளித்து, காய்த்துப் போனபிறகே அடுத்த வேலை. செய்ததையெல்லாம் லாக் புக்கில் படம் வரைந்து எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ்.

சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சியாளர். ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. கிடைப்பதும் சம்பளமல்ல, உதவித்தொகை. 2019 விதிகள் அதைப் படிப்பைப் பொறுத்து மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் என வகுத்தன.

பழகிய இடங்கள்

ரயில்வேக்கு அடுத்துப் பழகுநர்களை எடுத்தவை துறைமுகமும் மின்வாரியமும் மணலி ஆலைகளும். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் 1905-இல் அமைந்தது. அதன் இயந்திரப் பிரிவுப் பட்டறையில் கிரேன், படகு, மோட்டார் எல்லாம் பழுதுபார்க்கப்பட்டன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இலும், வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களிலும் மின்சாரம் தரத் தொடங்கின. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-இலும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1966-இலும் நிறுவப்பட்டன. 1955-இல் நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை இன்றும் ஆண்டுதோறும் அதிகம் பேரைச் சேர்ப்பது. 2024 அறிவிப்பில் 1,010 இடங்கள்.

வேலைக்கு முன்னுரிமை

சட்டத்தின் 22-ஆம் பிரிவு பழகியவருக்கு வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றது. 2014 திருத்தத்துக்குப்பின், ஒவ்வொரு நிறுவனமும் இதில் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. ஆனால் பழகியவருக்கு உரிய முன்னுரிமையை உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: மற்றத் தகுதிகள் சமமாயின் பழகியவருக்கே முன்னுரிமை, அவர் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வரத் தேவையில்லை, வயது வரம்பில் தளர்வு உண்டு, பயிற்சி தந்த இடம் ஆண்டுவாரியாகப் பெயர்ப் பட்டியல் வைத்து, முன்பு பழகியவரை முன்னே நிறுத்த வேண்டும். அரசுப் பணத்தில் இரண்டாண்டு பழக்கிய கையை வாசலில் நிறுத்துவது நிறுவனத்துக்கே நட்டம் என்பதால் இது நியாயமான தீர்ப்பு. பல நிறுவனங்கள் 'சமமாயின்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நழுவின.

ரயில்வே கடைநிலைப் பணி நேரடித் தேர்வில் 20 சதவீதத்தைத் தன் பழகுநர்களுக்கு ஒதுக்கியது. அவர்களும் எழுத்துத் தேர்வு எழுதியாக வேண்டும். ஒதுக்கீட்டு வரம்பை நீக்கி நேரடியாக வேலை தரக் கோரி 2018 மார்ச் 20-இல் மும்பையில் பழகுநர்கள் ரயில் மறித்தார்கள். இங்கும் வெளிமாநிலத்தார் பணியமர்த்தப்படுவதற்கான எதிர்ப்போடு சேர்த்து இக்கோரிக்கை அவ்வப்போது எழுகிறது.

பின்னாளைய பணி

1980-கள்வரை பழகிய இடத்திலேயே நிரந்தரமாவது வழக்கமாக இருந்தது. ஹெல்பராகவோ கலாசியாகவோ நுழைந்து படிப்படியாக ஏறியவர்களின் வீடுகள் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. பின்னர் வாசல் குறுகியது. துறைமுகத்தின் சரக்குப்பெட்டி முனையம் 2001-இல் தனியார் கைக்குப் போனது. நிலக்கரி கையாள்வது 2011-இல் நீதிமன்ற ஆணையால் நின்று எண்ணூருக்கு நகர்ந்தது. அதே 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம், இடத்தை மட்டும் தந்து முனையங்களைப் பிறரிடம் விடும் அமைப்பு. அதற்குப் பெரிய பட்டறையும் வேண்டாம், ஆள்களும் அதிகம் வேண்டாம். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31-இல் மூடப்பட்டது.

எனவே பழகியவர்கள் பக்கத்து வாசல்களுக்குப் போனார்கள். அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம் போன்ற தனியார் ஆலைகள் அரசு இடத்தில் பழகியவரை விரும்பி எடுத்தன. பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் எழுதித் தேறியவர்களுக்குச் சர்க்கரை ஆலை, காகித ஆலை, மருந்து ஆலை எங்கும் இடமுண்டு. வயர்மேன் உரிமம் எடுத்து வீட்டு வயரிங் பிடித்தவர்கள் பலர். வெல்டர்களுக்கும் பைப் ஃபிட்டர்களுக்கும் வளைகுடா. இன்னொரு பெரும் கூட்டம் பழகிய அதே மின் நிலையத்துக்கு, ஆலைக்குக் கான்ட்ராக்ட் ஆளாகத் திரும்பிச் செல்கிறது: கொதிகலன் வருடாந்தரப் பராமரிப்புக்கு நிறுத்தப்படும்போது வால்வைக் கழற்றும் கை பெரும்பாலும் இவர்களுடையது. கேட்டில் பாஸ் வேறு நிறம், உள்ளே வேலை அதே.

இன்றைய நிலை

30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். விண்ணப்பம் இணையம் வழியே. பெண்களும் சேர்கிறார்கள். மின்வாரியம் 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் என மூன்று கழகங்களாகப் பிரிந்தது. அவற்றில் கள உதவியாளர் பணிக்கு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுத வேண்டும்.