புகை வேறு, ஆவி வேறு

ஒரு செயலைத் தடுக்கும் சட்டம் எதுவாயினும், அதனை நோக்கி அறிவுடையோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு. "இச்சட்டம் யாரைக் காக்கின்றது? எதனின்றும் காக்கின்றது?" என்பதே அக்கேள்வி. இதற்கு நேரான விடை பகரும் சட்டம் நிலைத்து நிற்கும். ஜனங்களும் அதற்கு மனமுவந்து கட்டுப்படுவர். விடை பகர மாட்டாத சட்டமோ, சிலருடைய வெறுப்புக்கு அதிகாரத்தின் துணையைத் தேடிக் கொடுப்பதேயன்றி வேறன்று.

புகையிலையின் சரித்திரத்தில் இவ்விரு வகைச் சட்டங்களும் உண்டு. அச்சரித்திரத்தின் அண்மைக்கால அத்தியாயங்களுள் ஒன்று, 2013-ம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரசபை மின்சிகரெட்டின்மீது விதித்த தடையாகும். கட்டடங்களுக்குள்ளே அதனைப் பயன்படுத்தலாகாது என்பது அத்தடை. அது நியாயமானதன்று என்பது நம் துணிபு. அதற்குரிய காரணங்களை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னரும் மாநகரும் விதித்த தடைகள்

புகையிலை ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய காலத்திலேயே தடைகளும் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-ம் ஆண்டில் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு சிறு நூல் எழுதினார். அதே ஆண்டில் இறக்குமதித் தீர்வையையும் ஏறத்தாழ 40 மடங்கு உயர்த்தினார். துருக்கியின் சுல்தான் நான்காம் முராத் 1633-ம் ஆண்டில் புகையிலையைத் தடுத்து, மீறியோருக்கு மரண தண்டனை விதித்தார். பெர்லின் நகரத் தெருக்களில் புகை பிடித்தல் குற்றமென்னும் விதி, 1848-ம் ஆண்டு மார்ச் மாதப் புரட்சியில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்த பிறகே ஒழிந்தது. இத்தடைகளுள் எதுவும் புகையிலையை ஒழிக்கவில்லை. அடுத்தவருக்கு நேரும் தீங்கை அளந்து பார்த்து விதிக்கப்பட்டவையும் அல்ல அவை.

நியூயார்க் நகரமும் இவ்வகையில் ஒரு பாடம் கற்றதுண்டு. 1908-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி அந்நகரசபை ஒரு விதியை நிறைவேற்றியது. பொது இடங்களில் பெண்கள் புகை பிடிக்க, அவ்விடங்களை நடத்துவோர் இடங்கொடுக்கலாகாது என்பது அவ்விதி. ஆண்களுக்கு எத்தடையும் இல்லை! மறுநாளே கேட்டி மல்கேஹி என்னும் பெண் கைது செய்யப்பட்டு, 5 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றார். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மேயர் மக்லெல்லன் தம் அதிகாரத்தால் அவ்விதியைத் தள்ளுபடி செய்தார். பெண் வாயில் சிகரெட் இருப்பதைக் காணச் சகியாதவர்கள் செய்த விதி அது. ஆண் பிடித்தாலும் பெண் பிடித்தாலும் புகை ஒன்றே என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆதாரத்தின்மேல் நின்ற சட்டம்

எனினும், புகைத் தடைகள் யாவும் இத்தகையனவே என்று கூறுவோமாயின் அது உண்மைக்கு மாறாகும். 1981-ம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தகேஷி ஹிரயாமா ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தாம் புகை பிடிக்காத 91,540 மனைவியரை அவர் 14 ஆண்டுகள் கவனித்து வந்தார். கணவர் மிகுதியாகப் புகைப்பவராயின், மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் கண்டார். 1986-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கையும், பிறர் விடும் புகை புகைக்காதவருக்கும் நோய் தருமென உறுதி கூறிற்று.

இவ்வாதாரங்கள் பெருகப் பெருக, நியூயார்க் நகரம் படிப்படியாக முன்சென்றது. 1995-ம் ஆண்டுச் சட்டம் 35 இருக்கைகளுக்கு மேற்பட்ட உணவகங்களில் புகைத்தலைத் தடுத்தது. மேயர் புளூம்பெர்க் காலத்தில் இயற்றப்பெற்ற சட்டம், 2003-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி முதல் மதுக்கடைகளையும் உள்ளடக்கியது. "யாரைக் காக்கின்றது?" என்று இச்சட்டத்தைக் கேட்டால், நாள்தோறும் எட்டு மணி நேரம் பிறர் விட்ட புகையைச் சுவாசித்துக்கொண்டு தட்டேந்தி நின்ற தொழிலாளியை அது சுட்டிக் காட்டும். அச்சட்டத்தை நாம் வரவேற்கின்றோம். தொழிலாளர் நலம் கோருவோர் யாவரும் வரவேற்பர்.

மின்சிகரெட்டின் வரலாறு

எரியாத சிகரெட் என்னும் எண்ணம் புதிதன்று. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் அதற்கு 1965-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயின் அது கடைக்கு வரவில்லை. சீனாவைச் சேர்ந்த மருந்தியலாளர் ஹான் லிக் 2003-ம் ஆண்டு வாக்கில் அமைத்த கருவியே உலகெங்கும் பரவியது. அவர் தாமே கடுமையாகப் புகைத்தவர். அவர் தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர்.

அக்கருவியின் செயல் எளிது. ஒரு மின்கலம், அதனால் சூடேறும் ஒரு கம்பிச்சுருள், அதனருகே கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், வாசனைப் பொருள், நிக்கோட்டின் ஆகியவை கலந்த திரவம். சூடேறியதும் திரவம் நுண்துளிகளாகிப் பனிபோல வெளிப்படும். இங்கே புகையிலை எரிவதில்லை; ஆகவே சாம்பலும் தாரும் கரியமிலப் புகையும் எழுவதில்லை.

நம் வீட்டு அடுப்பங்கரையை நினைத்துப் பாருங்கள். ஈர விறகிலிருந்து எழுவது புகை. உலைப்பானையிலிருந்து எழுவது ஆவி. இரண்டும் வெண்மைதான், இரண்டும் கூரையை நோக்கித்தான் செல்கின்றன. ஆயினும் கண்ணைக் கரிக்கச் செய்வது எது, சோற்றை வேகச் செய்வது எது என்பதைத் தோட்டத்துச் சிறு குழந்தையும் அறியும். மின்சிகரெட்டின் ஆவி உலைப்பானை ஆவியைப் போல வெறும் நீராவியன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அது விறகின் புகையும் அன்று.

நகரசபையின் தீர்ப்பு

2013-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி நியூயார்க் நகரசபை, 43 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களிக்க, மின்சிகரெட்டைப் புகைத் தடைச் சட்டத்துக்குள் சேர்த்தது. மேயர் புளூம்பெர்க் பதவியிலிருந்து விலகுவதற்கு ஒரு நாள் முன்னர் அதில் கையொப்பமிட்டார். 2014-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி அது நடப்புக்கு வந்தது. சிகாகோ 45-க்கு 4 என்ற வாக்கிலும், லாஸ் ஏஞ்சலீஸ் 14 பேரும் ஒருமுகமாகவும் 2014-ம் ஆண்டிலேயே அவ்வழியைப் பின்பற்றின.

தடையை ஆதரித்தோர் கூறிய காரணங்கள் மூன்று. ஒன்று, இது சிகரெட்டைப் போலவே தோன்றுவதால், கடைக்காரரும் அதிகாரிகளும் மயங்குவர் என்பது. இரண்டு, இதனைக் காணும் சிறுவர் புகைத்தலை மீண்டும் இயல்பான பழக்கமாக எண்ணுவர் என்பது. மூன்று, இதன் ஆவியிலும் தீங்கு இருக்கலாம் என்பது.

முதற் காரணத்தை எடுத்துக்கொள்வோம். தோற்றம் ஒத்திருப்பதால் தண்டிப்பது என்ன நியாயம்? கண்ணால் கண்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. புகைக்கு வாடையுண்டு, சாம்பலுண்டு, நெருப்புண்டு. இவற்றைக் கண்டு வேறுபடுத்த அதிகாரிக்கு இயலாது என்று கூறி, குற்றமற்றவனைக் குற்றவாளியோடு சேர்த்து வெளியே அனுப்புவது, வேலையைச் சுலபமாக்கும் உபாயமேயன்றி நீதியன்று.

இரண்டாவது காரணம் கருதத்தக்கதே. 2019-ம் ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவருள் 27.5 சதவிகிதத்தினர் மின்சிகரெட் பயன்படுத்தியதாகக் கணக்கெடுப்புக் காட்டிற்று. பெற்றோர் திடுக்கிட்டதில் வியப்பில்லை. 2024-ம் ஆண்டில் அத்தொகை 7.8 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் மாணவனைக் காக்கும் கருவி விற்பனைச் சட்டமன்றோ? நியூயார்க் நகரம் 2013-ம் ஆண்டிலேயே, 21 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட்டும் மின்சிகரெட்டும் விற்கலாகாதென விதித்தது. அது நல்ல விதி. சிறுவர் நுழையவே கூடாத மதுக்கடையில், ஐம்பது வயதுடையவரின் கையிலிருக்கும் கருவியைப் பிடுங்குவதால் எந்தச் சிறுவன் காக்கப்படுவான்?

மூன்றாவது காரணமே முக்கியமானது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2018-ம் ஆண்டில் வெளியிட்ட பேரறிக்கை, மின்சிகரெட்டால் அறையின் காற்றில் நுண்துகளும் நிக்கோட்டினும் கூடுகின்றன என்று ஐயமின்றிக் கூறிற்று. அதே அறிக்கை, அருகிலிருப்போர்க்கு நேரும் அளவு எரியும் சிகரெட்டினால் நேருவதைவிடக் குறைவு என்றும் கூறிற்று. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-ம் ஆண்டில், பயன்படுத்துவோர்க்கே இதன் தீங்கு சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 சதவிகிதம் குறைவு என மதிப்பிட்டது. இவ்வெண்ணைப் பற்றி மருத்துவரிடையே வாதம் உண்டு. எரியும் சிகரெட் மிகக் கொடியது என்பதிலோ வாதமில்லை. ஹிரயாமாவின் 91,540 பெண்களைப் போன்ற சாட்சி எதுவும் 2013-ம் ஆண்டில் நகரசபையின் முன் நிற்கவில்லை என்பதே நாம் கூறுவது.

இழப்பு யாருக்கு?

தடையால் நட்டமொன்றுமில்லை, வெளியே போய் இழுத்துவிட்டு வரட்டுமே என்று சிலர் கூறலாம். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். 2019-ம் ஆண்டில் இங்கிலாந்தில் 886 பேரைக்கொண்டு நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. புகையை விட விரும்பியோருள் ஒரு சாராருக்கு மின்சிகரெட்டும், மற்றவருக்கு நிக்கோட்டின் பசை முதலிய மருந்துகளும் கொடுக்கப்பட்டன. ஓராண்டு கழித்து, முன்னவருள் 18 சதவிகிதத்தினரும் பின்னவருள் 9.9 சதவிகிதத்தினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். அவ்வாறு மின்சிகரெட்டால் விட்டவருள் ஐவரில் நால்வர் ஓராண்டுக்குப் பின்னும் அதனைக் கைவிடவில்லை.

இத்தகையவனைத்தான் நகரசபை வாசலுக்கு அனுப்புகின்றது. வாசலில் யார் நிற்கின்றனர்? அவன் விட்டொழித்த சிகரெட்டை வாயில் வைத்திருக்கும் பழைய தோழர்கள்! குடியை விட்டவனைக் கள்ளுக்கடை வாசலில் நிறுத்தி வைப்பதை நாம் அறிவுடைமை என்போமா? சிகரெட்டுக்கும் இதற்கும் ஒரே தண்டனை, ஒரே இடம் என்றால், "பிறகு சிகரெட்டை ஏன் விட வேண்டும்?" என்றே அவன் எண்ணுவான்.

மாற்று வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2016-ம் ஆண்டில், புகைத்தலையும் மின்சிகரெட்டையும் வேறுபடுத்தியே விதி செய்க என்று வேலை கொடுப்போர்க்கு அறிவுரை கூறிற்று. வேல்ஸ் நாட்டில் உள்ளிடங்கள் சிலவற்றில் மின்சிகரெட்டைத் தடுக்கும் ஷரத்தையும் கொண்ட மசோதா, 2016-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் 26-க்கு 26 என்று வாக்குகள் சமமாகப் பிரிந்து வீழ்ந்தது. மறுஆண்டு அச்சுகாதாரச் சட்டம் அந்த ஷரத்து இன்றியே நிறைவேறிற்று.

தொழிலாளியின் கேள்வி

எதிர்த் தரப்பில் ஒரு கேள்வி உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. "கடை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், அக்கடையில் வேலை செய்யும் தொழிலாளி யாது செய்வான்? அவனுக்குப் போக்கிடம் ஏது?" என்பர். நியாயமான கேள்வியே. ஆகவேதான் நாம் முழுச் சுதந்திரம் கோரவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஸ், ரயில் இவற்றில் தடை இருக்கட்டும். ஏனைய இடங்களில் அனுமதி உண்டா இல்லையா என்பதைக் கடைக்காரர் வாசலிலேயே எழுதி வைக்கட்டும். ஆட்சேபிக்கும் தொழிலாளியை அவ்விடத்தில் நின்று வேலை செய்யக் கட்டாயப்படுத்தலாகாது என்று சட்டம் விதிக்கட்டும். நாளை ஆராய்ச்சி பெருகி, அருகிலிருப்போர்க்குத் தீங்கு உறுதிப்படுமாயின், தடையை முதலில் ஆதரிப்போரும் நாமே ஆவோம். ஆதாரம் முன்னும் சட்டம் பின்னும் வர வேண்டுமென்பதே நம் வாதம்.

இது மின்சிகரெட் விற்போர்க்காகப் பேசுவதன்று; புகைக்காதவர் அதனைத் தொடவும் வேண்டா. நம் பகுதியின் நிலையும் வேறு. சிங்கப்பூரில் 2018-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் அதனை வைத்திருப்பதே குற்றம். மலேசியாவில் 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி நடப்புக்கு வந்த சட்டம், புகை தடுக்கப்பட்ட இடங்களில் இதனையும் தடுக்கின்றது. இவற்றை மீறுமாறு நாம் எவருக்கும் கூறவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக்கொண்டே அதனை ஆராய்வது குடிமக்களின் கடமையாகும்.

நியூயார்க் தடை நீங்கவில்லை. நீதிமன்றத்தில் அதனை எதிர்த்தோர் வெற்றி பெறவில்லை. 2017-ம் ஆண்டு நவம்பரில் மாநிலம் முழுவதற்குமே அத்தடை விரிந்தது. ஆயினும் 1908-ம் ஆண்டில் கேட்டி மல்கேஹியைக் கைது செய்த நகரமும், 2003-ம் ஆண்டில் மதுக்கடைத் தொழிலாளியைக் காத்த நகரமும் ஒன்றே. முன்னது கண்ணுக்குப் பிடிக்காததைத் தண்டித்தது. பின்னது உடலுக்குக் கேடானதைத் தடுத்தது. 2013-ம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டனுள் எதன் வழிவந்தது என்பதை நேயர்கள் நடுநிலையோடு சிந்திப்பார்களாக.