காமன் பொட்டலும் பெரட்டுக் களமும்

வலப்பனைப் பிரதேசத்து இராகலைச் சரிவுகளிலும், நுவரெலியா, ஹற்றன் பக்கத்துத் தோட்டங்களிலும் மாசி பிறந்தால் காமன் கூத்தின் பேச்சு எழும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் வேளையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்பெறும். அதன்பின் இரவுதோறும் தப்பு முழங்க, இரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவர். பூரணையையொட்டிச் சிவனார் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான்; மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான். (இசையில் தாளகதியைக் குறிக்கும் லயம் வேறு; ஆங்கிலச் சொல் திரிந்து தொழிலாளர் வரிசைக் குடியிருப்புக்குப் பெயரான இந்த லயம் வேறு.)

இக்கூத்தைக் கொண்டுவந்தோர் 1820களில் தொடங்கிய கோப்பிக் காலம் முதல் தமிழகத்திலிருந்து வந்த மக்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னரும் அவ்வரவு நீடித்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை எனப் பல சீமையார், பல சாதியார், வெவ்வேறு கங்காணிமாரின் கணக்கில் பிரிந்து நின்றோர். இவர்களை ஒரே களத்தில் நிறுத்தியது எது?

விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைப்பது தோட்ட வழக்கமாயிருந்தது. பெரட்டு என்பதே அணிவகுப்பைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. அங்கே தப்பொலி ஏவலாகும். பிந்தி வந்தவனுக்குப் பேர் போடுவதில்லை. அதே தப்பு காமன் பொட்டலில் ஒலிக்கும்போது ஏவுவார் எவருமிலர். மலைப்பனியில் நெகிழ்ந்த தோலை ஒருவர் தீயில் காய்ச்சுவார். வேறொருவர் வீடுவீடாகப் பணம் திரட்டுவார். வேடம் புனைவோர் விரதம் காப்பர். வீரபத்திரன் ஆவேசங்கொள்ளுங்கால் அவனைப் பற்றிப் பிடிக்கவும் ஆட்கள் வேண்டும். அடியின் கதி மாறினால் ஆட்டமும் மாறும். கூத்தறிந்த கூட்டம் அதனை உடனே உணரும். கட்டளையின்றி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் இவ்விரவுகளில் வளர்ந்தது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல் 1995இல் வெளியிட்ட நூலில், ஒருமித்து அடியெடுத்து வைப்பதே மனிதரிடையே பிணைப்பை உண்டாக்குகிறது என்றார். நடனத்தையும் படைப்பயிற்சியையும் அவர் ஒருங்கே ஆராய்ந்தார். 2009இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஒரே சீராக நடந்தவர்கள் பின்னர் நிகழ்ந்த கூட்டு விளையாட்டில் மற்றோரைவிட மிகுதியாக ஒத்துழைத்தனர். தாளம் சேர்க்கும் என்பது இவற்றால் விளங்கும். யாருக்காகச் சேர்க்கும் என்பதைத் தாளம் தீர்மானிப்பதில்லை. பெரட்டுக் களமே அதற்குச் சான்று.

இன்னுமொன்று உண்டு. ஊரையெல்லாம் ஓரணியாக்கிய தப்பை அடித்தவர், சாதி வழமைப்படி அவ்வணியின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டார். திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிப்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குலக்கடனாயிற்று. கூத்தின் புகழ் வேடக்காரருக்குப் போயிற்று. அக்கடனை மறுத்துத் தப்பைக் கீழே வைத்த இளைஞர் உண்டு. அதனையே மலையகத்தின் அடையாளமாகக் கொண்டு மேடையில் முழக்கும் இளைஞரும் உண்டு. தப்படிக்க ஆளற்ற தோட்டத்தில் கம்பம் ஊன்றிப் பயனில்லை. அயல் தோட்டத்துக்கு ஆளனுப்பி, வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதுதான்.